ஆர்எக்ஸ் 100 பிளாக்கில் நானே கை வைத்த கதை

பைக்கின் பிளாக் (சிலிண்டர்) எப்படியும் போரிங்குக்கு, அதாவது உள்சுவரைக் கடைந்து அகலப்படுத்த, போயே ஆக வேண்டும் என்றான பிறகுதான், சுவரிலுள்ள ஜன்னல்களைத் தேய்த்து மாற்றும் போர்ட்டிங் வேலையையும் நானே செய்துபார்க்கும் ஆசை வந்தது. வண்டி 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100. மேடு ஏறினால் மூச்சு வாங்கியது, பிஸ்டன் தட்டும் சத்தம் தெருமுனைவரை கேட்டது. கழற்றிப் பார்த்தால், 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (பெரிய அளவு) பிஸ்டன் போட்டே தீர வேண்டிய தேய்மானம்.

போர்ட்டிங் செய்துகொடுக்கக் கோவையில் ஆளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் நண்பனின் பிளாக் ஒன்று "நல்லா தூக்கி விட்டிருக்கேன்" என்ற ஒரே விளக்கத்தோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஜன்னல் விளிம்பை எவ்வளவு தூக்கினார் என்று கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அந்த மாதிரி கண்மட்டத்தில் தேய்ப்பதற்கு நானே தேய்த்துக்கொள்ளலாமே என்று தோன்றியது. என்ன, நான் அளந்து செய்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த மாதிரி டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ஃபோர் ஸ்ட்ரோக் போல எக்ஸாஸ்ட் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் இருக்கும் ஜன்னல்களை, அதாவது போர்ட்டுகளை, பிஸ்டன்தான் திறந்து மூடுகிறது. அதனால் ஜன்னலின் மேல்விளிம்பு எந்த உயரத்தில் இருக்கிறதோ, அதுதான் டைமிங். எக்ஸாஸ்ட் விளிம்பை உயர்த்தினால் புகை சீக்கிரம் வெளியேறும், மேல் ஆர்பிஎம்மில் இழுக்கும். ஆனால் அழுத்தத்துக்குக் கிடைக்கும் தூரம் குறைவதால் கீழே இழுவை செத்துப்போகும். தேய்த்த இரும்பைத் திரும்ப ஒட்டவும் முடியாது.

அந்தப் பயத்தில் முதலில் பழைய இரும்புக் கடையில் ஒரு செத்த பிளாக்கை எடைக்கு வாங்கி வந்து பழகினேன். நல்ல வேளை. முதல் ஐந்து நிமிடத்திலேயே கார்பைட் பர் (சுழன்று தேய்க்கும் முனை) விளிம்பில் மாட்டித் துள்ளி, எதிர்ச்சுவரில் நீளமாக ஒரு கோடு கிழித்தது. அப்புறம்தான் தடித்த அட்டையைச் சுருட்டி உள்ளே செருகிக்கொள்ளும் புத்தி வந்தது. அலுமினியம் பரின் பல்லில் அப்பிக்கொள்ளும் என்பதும், கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுக்கொண்டால் அப்பாது என்பதும் அங்கே படித்த பாடம்தான்.

என் பிளாக்குக்கு வந்தபோது முதல் நாள் தேய்க்கவே இல்லை. ஒரு தாளைச் சிலிண்டருக்குள் சுற்றிப் பென்சிலால் தேய்த்தால் எல்லா ஜன்னல்களும் அதில் அப்படியே பதிந்துவிடும். விரித்துப் பார்த்தால் எக்ஸாஸ்ட் ஜன்னலின் மேல்விளிம்பு ஒரு பக்கம் அரை மில்லிமீட்டர் சாய்ந்திருந்தது. இத்தனை வருடம் அப்படித்தான் ஓடியிருக்கிறது!

டிகிரி வட்டத்தைப் பிரிண்ட் எடுத்துப் பழைய சிடியில் ஒட்டி, கிராங்க் முனையில் இருக்கும் மேக்னெட் நட்டில் மாட்டினேன். பிஸ்டன் உச்சிக்கு வரும் இடமான டிடிசியைக் கண்டுபிடிக்க, ஹெட் ஸ்டட்டுகளின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, அதன் நடுவில் ஒரு போல்ட். இரண்டு பக்கமும் சுற்றிப் பிஸ்டன் முட்டும் இடங்களைக் குறித்தால், அவற்றின் நடுதான் டிடிசி. எக்ஸாஸ்ட் வாயில் டார்ச்சை வைத்துவிட்டு மேலிருந்து பார்த்துக்கொண்டே மேக்னெட்டை மெல்லச் சுற்ற வேண்டும். பிஸ்டன் விளிம்புக்கு மேல் நூலிழைபோல வெளிச்சம் தெரியும் அந்தக் கணம்தான் போர்ட் திறக்கும் இடம். இந்த எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலிருந்து கீழ்வரை போகும் தூரம்) 50 மில்லிமீட்டர். அதில் ஒரு மில்லிமீட்டர் தூக்கினால் எக்ஸாஸ்ட் திறந்திருக்கும் அளவு ஏறத்தாழ நாலரை டிகிரி கூடுகிறது.

ஊருக்குள் ஓட்டும் வண்டி, சைலென்சரும் கம்பெனி சைலென்சர். எனவே 0.8 மில்லிமீட்டரோடு நிறுத்துவது என்று முடிவு. கால் மில்லிமீட்டர் தேய், கழுவு, மாட்டு, அள, மறுபடி கழற்று. இப்படியே இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அகலம் 31 மில்லிமீட்டரைத் தாண்ட விடவில்லை. 50 மில்லிமீட்டர் போருக்கு (சிலிண்டரின் உள்விட்டம்) இது 62 சதவீதம். பேராசைப்பட்டு அகலப்படுத்தினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் ஜன்னலுக்குள் பிதுங்கும். மேல்விளிம்பையும் தட்டையாக விடாமல் வில்போல வளைத்தேன். ரிங் ஒரேயடியாக முட்டாமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகட்டும் என்று.

புதுக் கலவை சிலிண்டருக்குள் வரும் டிரான்ஸ்பர் போர்ட்டுகளின் உயரத்தைத் தொடவில்லை. அலுமினிய வார்ப்பும் இரும்பு லைனரும் சேருமிடத்தில் விரல் இடறும் ஒரு படி இருந்தது, அதை மட்டும் இழைத்துவிட்டேன்.

கடைசியாக எல்லா விளிம்புகளுக்கும் சாம்ஃபர் போட்டு (கூர்மையைச் சரிவாக மழுக்கி), கணபதியில் எனக்குத் தெரிந்த லேத்துக்குப் பெருமையோடு கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் போரிங், ஹோனிங் (சுவரைக் கல்லால் இழைப்பது) எல்லாம் முடித்தார். பிளாக்கை வாங்கி நான் பைக்குள் வைக்கப்போகும்போது, "இரு கண்ணு" என்று ஓர் உடைந்த ரிங் துண்டை எடுத்து உள்ளே மேலும் கீழும் இழுத்தார். எக்ஸாஸ்ட் வரும்போதெல்லாம் 'டிக்' என்றது.

"மொனை தட்டுது பாரு. சாம்ஃபரை போரிங்குக்கு முன்னாலயா போட்ட?"

0.50 ஓவர்சைஸ் என்றால் பக்கத்துக்குக் கால் மில்லிமீட்டர் இரும்பு போகிறது. அதோடு என் சாம்ஃபரும் போய், விளிம்பு பிளேடு மாதிரி நின்றது. அப்படியே மாட்டியிருந்தால் ரிங் மாட்டி உடைந்து பிஸ்டனையும் சேர்த்துத் தின்றிருக்கும். அங்கேயே உட்கார்ந்து ஆயில் ஸ்டோனால் முக்கால் மணி நேரம் தேய்த்தேன். பெரியவர் அவ்வப்போது வந்து துண்டை இழுத்துப் பார்த்தார். சத்தம் நின்றதும் ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

வீட்டில் சோப்பும் வெந்நீரும் போட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாமல் போகும்வரை கழுவினேன். மாட்டுவதில் புதிதாக எதுவுமில்லை. பிஸ்டனின் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம், ரிங் வாய் பிஸ்டன் பள்ளத்திலுள்ள குட்டி ஊசி மேல், அவ்வளவுதான். ஆயில் பம்ப் இருந்தும், முதல் டேங்குக்கு மட்டும் பெட்ரோலிலும் கொஞ்சம் 2டி ஆயில் கலந்தேன்.

கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்தான் படுத்தியது. காற்று கூடுதலாகப் போகும் என்று மெயின் ஜெட்டை இரண்டு அளவு பெரிதாக்கினால், முழு திராட்டிலில் விக்கி விக்கி ஓடியது. ஓர் அளவு குறைத்தேன். ரன்னிங் இன் (புதுப் பிஸ்டன் பழகும்வரை மெதுவாக ஓட்டுவது) முடிந்ததும், முழு திராட்டிலில் போய்க்கொண்டிருக்கும்போதே கிளட்சைப் பிடித்துச் சாவியை அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். கருப்பட்டி நிறம். பெட்ரோல் போதாமல் சூடேறி வெள்ளையாக இருந்திருந்தால் வண்டியை அங்கிருந்து தள்ளிக்கொண்டுதான் வந்திருப்பேன்.

அவிநாசி சாலை சிக்னல்களில் இப்போது அரை கிளட்ச் கொஞ்சம் அதிகம் பிடிக்க வேண்டியிருக்கிறது. நீலாம்பூர் தாண்டியதும் மூன்றாவது கியரில் முன்பு அடங்கிப்போகும் இடத்தில் இன்னும் இழுக்கிறது. லேத் பெரியவரிடம் சாவியைக் கொடுத்தேன். ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து ஸ்டாண்டு போட்டவர், "கீழ கொஞ்சம் செத்திருக்கு கண்ணு, மேல பரவால்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.