அந்த 98 சிசி சத்தம்

சிக்னலில் நிற்கும்போது பின்னால் கேட்டது. திரும்பாமலே தெரிந்துவிட்டது, யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்.

கறுப்பு டேங்க், குரோம் மட்கார்டு, வட்ட ஹெட்லைட். ஓட்டியவருக்கு என் அப்பா வயசு.

98 சிசி, 11 குதிரைத்திறன். இந்த எண்களைச் சொன்னால் இன்றைய பையன்கள் சிரிப்பார்கள். ஆனால் வண்டியே சுமார் 100 கிலோதான். டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் வேறு, கிராங்க் (இன்ஜினுக்குள் சுழலும் தண்டு) ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் ஒரு முறை வெடிக்கும். ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கு இரண்டு சுற்று வேண்டும். அந்தத் துள்ளலுக்கு இதுதான் காரணம்.

(முன்னும் பின்னும் டிரம் பிரேக். நிறுத்துவதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.)

1985இல் இங்கே வந்தது, 1996இல் நின்றுபோனது. சக்தியைக் கூட்டாமல் எடையைக் குறைத்தும் வேகம் காட்டலாம் என்பதை நமக்கு ஓட்டிக் காட்டிய வண்டி.

பச்சை விழுந்தது. பெரியவர் நிதானமாகத்தான் கிளம்பினார். நீலப்புகை மட்டும் கொஞ்ச நேரம் என் ஹெல்மெட்டுக்குள்ளேயே இருந்தது.