அளக்க முடிகிற நிபந்தனைகள்: கலிஃபோர்னிய நகராட்சிகளும் கஞ்சாக் கடைகளும்

கலிஃபோர்னியாவில் 2016 நவம்பரில், பெரியவர்கள் கஞ்சா பயன்படுத்துவதைச் சட்டப்படி அனுமதிக்கும் 64ஆம் முன்மொழிவை மக்கள் வாக்களித்து ஏற்றார்கள். 2018 ஜனவரி 1 முதல், 21 வயது நிரம்பியவர்களுக்குக் கடையில் கஞ்சா விற்கலாம் என்றானது. ஆனால் ஊருக்குள் கடை வரலாமா கூடாதா என்கிற முடிவு அந்தந்த நகராட்சி, கவுண்டியின் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) கையில்தான் இருக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட ஊர்கள் சில்லறைக் கடையை இன்னும் அனுமதிக்கவில்லை. அனுமதித்த ஊர்களிலும் முதலில் நகர்மன்றத்தின் ஒப்புதல், அதன் பிறகே மாநில கஞ்சாக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம்.

இந்த உரிம விண்ணப்பக் கோப்புகளோடு புழங்குகிறவர்களுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். அளந்து பார்க்க முடிகிற நிபந்தனை கடைக்காரரையும் காப்பாற்றும், பக்கத்து வீட்டுக்காரரையும் காப்பாற்றும். அளக்க முடியாத நிபந்தனை இருவரையும் சண்டைக்குத்தான் இழுத்துவிடும்.

600 அடி விதியையே பாருங்கள். பள்ளி, குழந்தைகள் காப்பகம், இளைஞர் மையம் ஆகியவற்றிலிருந்து 600 அடிக்குள் கடை கூடாது என்கிறது மாநிலச் சட்டம். ஊர் தன் விதியில் வேறு தூரம் வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் கைபேசி வரைபடத்தில் வாசலிலிருந்து வாசலுக்கு நடைதூரம் பார்த்துவிட்டு, 900 அடி இருக்கிறது என்று நம்பி வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். சட்டம் அளக்கச் சொல்வது பள்ளி மனையின் எல்லையிலிருந்து கடை இருக்கும் மனையின் எல்லைக்கு, நேர்கோட்டில். நடுவில் மதில், நெடுஞ்சாலை, ஓடை எது இருந்தாலும் கணக்கில்லை. வணிக வளாகத்தின் கடைசி மூலையில் கடை இருந்தாலும், முழு வளாகமும் ஒரே மனையாகப் பதிவாகியிருந்தால் அளவு வாகன நிறுத்தத்தின் ஓரத்திலேயே தொடங்கிவிடும். முன்பணம் கொடுக்குமுன் மனை எண்ணை வைத்து கவுண்டி வரைபடத்தில் கோடு போட்டுப் பார்க்க வேண்டும். ஊர் விதியில் பூங்கா, நூலகம், குடியிருப்பு மண்டலம் என்று கூடுதல் இடங்கள் இருக்கிறதா என்பதையும் அப்போதே படித்துவிட வேண்டும்.

கடையை விட்டுக் கஞ்சா வளர்க்கும் இடங்களுக்கு வந்தால், அதிகம் வம்பில் முடிவது வாசனை. ‘கஞ்சா வாசனை வளாகத்துக்கு வெளியே தெரியக் கூடாது’ என்று ஒரே வரியில் எழுதிவிடும் ஊர்கள் நிறைய. யார் மூக்கு, எந்த நேரம்? இரவு ஒன்பது மணிக்குப் புகார் வரும், மறுநாள் காலை ஆய்வாளர் போய் நிற்கும்போது ஒன்றும் இருக்காது. புகார் சொன்னவரை அலுவலகம் நம்பவில்லை என்று அவர் நினைப்பார், வளர்ப்பவரோ தன்னைக் குறிவைக்கிறார்கள் என்று நினைப்பார். உள்ளரங்கில் வளர்க்கும் இடத்துக்கு எங்கள் பரிந்துரை இது: பூக்கும் அறையிலும் உலர்த்தும் அறையிலும் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தம் (எதிர்மறை அழுத்தம்) எப்போதும் இருக்க வேண்டும், வெளியேறும் காற்று முழுவதும் கரி வடிகட்டி வழியாகவே போக வேண்டும், அழுத்தமானி காட்டும் அளவை நாள்தோறும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வாசனை கசிந்தால் உடனே கரியை மாற்றச் சொல்வார்கள். பல சமயம் கோளாறு கரியில் இல்லை. முன்வடிகட்டித் துணியில் தூசி அடைத்து காற்றோட்டம் குறைந்திருக்கும், அதனால் அறையின் எதிர்மறை அழுத்தம் போயிருக்கும். அல்லது சரக்கு இறக்கும் கதவுக்குக் கல்லை முட்டுக்கொடுத்துத் திறந்து வைத்திருப்பார்கள். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினாலும் கரியின் நுண்துளைகளை நீர் பிடித்துக்கொள்வதால் அது வாசனையை உறிஞ்சுவது குறைந்துவிடும். மூடிய கதவின் அடி இடுக்கில் புகைக்குழலை (மெல்லிய புகை விடும் சோதனைக் குழாய்) பிடித்தால் போதும்: புகை உள்ளே இழுக்கப்பட்டால் அழுத்தம் சரி, வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் கசிகிறது. இந்தச் சோதனையை எந்த ஆய்வாளரும் ஒரு நிமிடத்தில் செய்துவிடலாம்.

கேமரா விஷயத்தில் மாநில விதி எண்ணோடு இருக்கிறது: 24 மணி நேரமும் பதிவு, குறைந்தது 1280 × 720 புள்ளிகள், நொடிக்கு 15 சட்டகம், 90 நாள் சேமிப்பு. ஆனாலும் தவறுகிறார்கள், காரணம் எளிய கணக்குப் பிழை. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் எழுதினால் நாளுக்கு 21.6 ஜிபி, 90 நாளுக்கு ஏறக்குறைய 1.95 டிபி. 16 கேமராவுக்கு 31 டிபி சொச்சம் வேண்டும், 32 டிபி பதிவுப் பெட்டி போதும். திறப்பு விழா முடிந்து, காவல் துறை கேட்டதென்று வாகன நிறுத்தத்தில் இன்னும் 4 கேமரா மாட்டுவார்கள். அதே பெட்டி இப்போது 74 நாளிலேயே நிரம்பி, பழைய பதிவின் மேல் எழுதத் தொடங்கிவிடும். திரையில் எல்லாப் படமும் ஓடிக்கொண்டிருப்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆய்வுக்குப் போகிறவர் நேரடிப் படத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், 88 நாளுக்கு முந்தைய ஒரு மாலை நேரப் பதிவை ஓட்டிக் காட்டச் சொல்ல வேண்டும். பணம் வாங்கும் மேசையில் வாங்குபவர் முகமும் விற்பவர் முகமும் தெளிவாக விழுகிறதா என்பதையும் அதே பதிவிலேயே பார்த்துவிடலாம்.

வரிக்கு வருவோம். மாநிலக் கலால் வரி 15 சதவீதம் என்றும் ஊர் வரி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ளதுபோல், மொத்த விற்பனையில் 10 சதவீதம் என்றும் கொள்வோம். 100 டாலர் சரக்கின் மேல் ஊர் வரியைத் தனி வரியாகப் போட்டு வசூலித்தால் 110. கலால் வரி அந்த 110 மீது விழுந்து 126.50 ஆகும். அதன் மேல் விற்பனை வரி 9 சதவீதம் வைத்தாலே 138 டாலரை நெருங்கிவிடும். நகர்மன்றத்தில் ‘வெறும் பத்து சதவீதம்தானே’ என்று பேசும்போது இந்த அடுக்கு யார் கண்ணிலும் படுவதில்லை. உரிமமில்லாத கடைக்கு இதில் எதுவுமே கிடையாது என்பதால், ஊர் விதிக்கும் ஒவ்வொரு சதவீதமும் ஒழுங்காகத் தொழில் செய்பவரைத்தான் அழுத்துகிறது. பரப்பளவு வரிக்கு வேறு சிக்கல். ஹம்போல்ட் கவுண்டியில் 2016இல் மக்கள் ஏற்ற வரி, சதுர அடிக்கு ஆண்டுக்குத் திறந்தவெளியில் 1 டாலர், கலப்பு ஒளியில் (வெயிலோடு விளக்கொளியும் சேர்த்து வளர்ப்பது) 2, உள்ளரங்கில் 3. விலை சரிந்தாலும் சதுர அடி சுருங்காது. சந்தை விழுந்தபோது விவசாயிகள் தவித்தார்கள், கவுண்டியே வரியைக் குறைக்க நேர்ந்தது.

கடைசியாக, ஊர்கள் அசட்டையாக விட்டுவிடக்கூடிய ஒரு கடிதம். மாநிலத் துறை ஒரு விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது, இது உங்கள் விதிக்கு உட்பட்டதா என்று ஊரைக் கேட்கும். 60 வேலை நாளுக்குள் பதில் போகாவிட்டால், உட்பட்டது என்றே துறை எடுத்துக்கொள்ளலாம். ஊர் சார்பில் பதில் சொல்லும் அதிகாரி இடம் மாறினால் அன்றைக்கே புதியவர் பெயரைத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவருடைய அஞ்சல் பெட்டியை நம்பாமல், இரண்டு மூன்று பேர் திறந்து பார்க்கும் பொது முகவரியைக் கொடுப்பது இன்னும் நல்லது.