புளியந்தோப்பு, 1921: ஒரு கோப்பை எப்படிப் படிப்பது

"ஹிஸ்டரி படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" வியாசர்பாடியிலோ பழைய வண்ணாரப்பேட்டையிலோ பி.ஏ. வரலாறு சேரும் பிள்ளையிடம் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். குரூப் 2, குரூப் 4, பி.எட்., தொல்லியல் என்று பதில் இருக்கவே செய்கிறது. ஆனால் கைடு வாங்கி வருஷங்களை உருப்போட்டு பாஸ் பண்ணிவிட்டால், படிப்பின் சாரம் கைக்கு வராது. ஒரு காகிதத்தை யார் எழுதினார், யாருக்காக எழுதினார், எப்போது எழுதினார் என்று கேட்கும் பழக்கம்தான் அந்தச் சாரம். வடசென்னைப் பிள்ளைகளுக்கு அது ரொம்பவே வேண்டும். இந்தப் பகுதியைப் பற்றிய பழைய காகிதங்களில் பெரும்பாலானவற்றை இங்கே குடியிருந்தவர்கள் எழுதவில்லை.

பெரம்பூர் பி அண்ட் சி (பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக்) துணி மில்லையே எடுத்துக்கொள்வோம். பி.பி. வாடியா தலைவராக இருக்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27இல் அங்கே பிறந்தது. 1921 வேலைநிறுத்தத்தில் ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பலர் வேலைக்குத் திரும்ப, மற்றவர்கள் வெளியிலேயே நின்றார்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. அரசுக் கோப்புக்கு இது சட்டம் ஒழுங்குப் பிரச்சினை. சங்கத்தாருக்குத் தொழிலாளர் போராட்டம். ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவுக்கோ தம் மக்கள் மீது விழுந்த அடி. ஒன்றை மட்டும் படித்து எழுதும் ப்ராஜெக்ட், எழுதியவருக்கே தெரியாமல் அந்தத் தரப்பின் பக்கம் சாய்ந்துவிடும்.

எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குத் துறைத் தலைவரின் கடிதம், அடையாள அட்டை, பென்சில் மூன்றோடும் போங்கள். பேனா வேண்டாம், ஒரு சொட்டு மை போதும் தாளைக் கெடுக்க. நேராகக் கோப்பைக் கேட்காதீர்கள். முதலில் அந்த ஆண்டின் அகராதித் தொகுதியை, அதாவது கோப்புகளின் இன்டெக்ஸைப் பார்த்து, அரசாணை எண், துறை, நாள் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மாணவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். ஒவ்வொரு துறைக்கும் ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்கும். துறையும் நாளும் இல்லாத வெறும் எண்ணை வைத்து அந்தத் தாளை யாராலும் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது.

அடுத்த பள்ளம், சுதேசிப் பத்திரிகை அறிக்கைகள். தமிழ்ப் பத்திரிகைகள் எழுதியதை அரசு மொழிபெயர்ப்பாளர்கள் ஆங்கிலத்தில் சுருக்கி மேலிடத்துக்கு அனுப்பியவை இவை. எதை எடுப்பது, எதை விடுவது என்பது அரசின் கவலையைப் பொறுத்தது. அந்த ஆங்கிலத்தைத் திரும்பத் தமிழாக்கி, மேற்கோள் குறி போட்டு, 'நவசக்தி எழுதியது' என்று தருகிறார்கள். அது நவசக்தியின் வாசகமே அல்ல. மூல இதழ் கிடைக்காவிட்டால் 'அரசு அறிக்கையின் சுருக்கப்படி' என்று எழுதுங்கள், போதும்.

தேதியிலும் கவனம் வேண்டும். நிலப் பத்திரத்தில் பசலி (ஜூலையில் தொடங்கும் வருவாய்த்துறை ஆண்டு) 1331 என்றிருந்தால் 590ஐக் கூட்டுங்கள். 1921 ஜூலையில் தொடங்கும் ஆண்டு அது. ஜனவரி முதல் ஜூன் வரையிலான நாளென்றால் 591ஐக் கூட்ட வேண்டும். தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால், 'துர்மதி வருஷம்' என்று மட்டும் இருந்தால் 1921ஆகவும் இருக்கலாம், 1981ஆகவும் இருக்கலாம். தாளும் எழுத்தும் பணமதிப்பும்தான் எதுவென்று சொல்லும்.

தலைப்பைக் குறுக்குங்கள். 'வடசென்னைத் தொழிலாளர் வரலாறு' ஆறு மாதத்தில் முடியாது. ஒரு தெரு, ஒரு வருஷம், ஒரு கேள்வி என்றால் முடியும்.

மில் 1996இல் மூடியது. இருபது வயதில் 1975இல் சேர்ந்தவருக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. அவர்களிடம் "போராட்டத்தைப் பத்தி சொல்லுங்க தாத்தா" என்று ஆரம்பித்தால் ஊர் முழுக்கச் சொல்லும் கதைதான் வரும். எந்த ஷிப்ட், எந்தத் தறி, சங்கு ஊதினால் எந்த கேட் வழியாகப் போவீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். வருஷம் நினைவில் இல்லையென்றால், மூத்த பிள்ளை பிறந்ததற்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் பிடிபடும். அனுமதி வாங்கிப் பதிவு செய்து, இரண்டு இடத்தில் நகல் வையுங்கள். கிளம்பும் முன் பழைய சம்பளச் சீட்டு, சங்கச் சந்தா ரசீது, அடையாள அட்டை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பீரோவின் அடித்தட்டில் கிடக்கும். வீடு மாற்றும்போது முதலில் பழைய பேப்பர்காரரிடம் போவது அவைதான்.