‘ஏன்’ என்று கேட்ட மனு

‘என் நிலத்துப் பட்டா ஏன் அவன் பேருக்கு மாறுச்சு?’ தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எங்கள் அலுவலகத்துக்கு வந்த மனுவில் இருந்தது இந்த ஒரு வரிதான். மேலே 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், கோணலாக ஒட்டியிருந்தது. நான் தயாரித்த பதிலும் ஒரு வரி: ‘மனுதாரர் கோருவது பிரிவு 2(எஃப்)-இன்படி தகவல் ஆகாது.’ பொதுத் தகவல் அலுவலர் கையெழுத்திட்டார். 30 நாள் கெடுவில் 28ஆம் நாள் தபாலில் போனது.

சட்டப்படி பிழையில்லை. அலுவலகத்தில் இருக்கும் ஆவணத்தைத்தான் தர முடியும். கருத்தோ விளக்கமோ புதிதாக எழுதித்தர வேண்டியதில்லை என்று 2011இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

ஆனால் அந்த ‘ஏன்’ கோப்பிலேயே இருந்தது. புல எண், உட்பிரிவு எண் போட்டு, ‘பட்டா மாறுதல் விண்ணப்பம், இணைத்த பத்திரம், வி.ஏ.ஓ. அறிக்கை, எனக்கு அனுப்பிய அறிவிப்பு, அதைப் பெற்றுக்கொண்ட கையொப்பம், ஆணை ஆகியவற்றின் நகல் வேண்டும்’ என்று கேட்டிருந்தால், பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டணத்தில் போயிருக்கும். இந்த மாதிரி வழக்குகளில் ஆள் பார்க்க வேண்டியது ஆணையைக்கூட அல்ல, அந்தக் கையொப்பத்தை. பல சமயம் அது வேறு யாரோ போட்டதாக இருக்கும். கோப்பை நேரில் புரட்டிப் பார்க்கவும் பிரிவு 2(ஜெ) இடம் தருகிறது.

நிலம் அடிவாரத்தில், ஆள் ஏற்காட்டில். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பதிலைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“ஏன்னு கேக்கக் கூடாதுங்களா சார்?”

“கேக்கலாங்க பெரியவரே. இந்தச் சட்டத்துல கேக்க முடியாதுங்க.”

30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்றும் சொன்னேன். அதாவது, பதிலின் அடியில் அச்சாகியிருந்ததைப் படித்துக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போனார்.

மனுதாரருக்கு நியாயமான உதவி செய்ய வேண்டும் என்கிறது பிரிவு 5(3). ஒரு வெள்ளைத்தாள், ஐந்து நிமிடம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் கோப்பின் மேலேயே நான் மனு எழுதிக் கொடுத்தால், நாளை எதிர்த்தரப்பு என்னைப் பற்றி எழுதாதா? அன்று மேசையில் வேறு மனுக்களும் கிடந்தன. ஒருவர் பதினைந்து வருஷக் கோப்புகளை மொத்தமாகக் கேட்டிருந்தார். அவருக்குச் சட்டம் அத்துப்படி. அவருக்கு ஒழுங்காகப் பதில் போனது.

பெரியவரிடமிருந்து மேல்முறையீடு வரவில்லை. கெடு முடியும்வரை தபால் கட்டைத் தினமும் நானே பிரித்தேன். வராதது நல்லது என்றுதான் அப்போது தோன்றியது.