டெக்ஸஸில் பிரின்சிபல் சான்றிதழ்: ஆன்லைன் எம்.எட். சேருமுன் பார்க்க வேண்டியவை

டெக்ஸஸ் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டே ஆன்லைனில் எம்.எட். முடித்து, அசிஸ்டன்ட் பிரின்சிபல் வேலைக்குப் போவது இங்கே வழக்கமான பாதை. நானும் அப்படி முடித்தவன்தான். படிப்பு பெரிய சுமையில்லை. பெரும்பாலும் 30 முதல் 36 கிரெடிட். பல இடங்களில் ஒரு பாடத்தை 5 அல்லது 8 வாரத்தில் முடித்துவிடலாம். பட்டம் வாங்கிய பிறகும் சான்றிதழ் கைக்கு வராமல் நிற்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சிக்கல் வந்தது பாடத்தில் இல்லை, மற்றவற்றில்.

ஸ்டாண்டர்ட் எனப்படும் முழுச் சான்றிதழுக்கு மாநிலக் கல்வித்துறையான டி.இ.ஏ. கேட்பது: முதுகலைப் பட்டம், வகுப்பாசிரியராக 2 ஆண்டு அனுபவம், அங்கீகரித்த பயிற்சித் திட்டம், அதற்குள் 160 மணி நேர பிராக்டிகம் (பள்ளியில் நிர்வாக வேலையைச் செய்து பழகும் பயிற்சி), பிறகு 268, 368 என்ற இரண்டு தேர்வுகள். முதுகலை எந்தத் துறையிலும் இருக்கலாம். இந்தியாவில் எம்.எஸ்ஸி. முடித்து இங்கே ஆசிரியரானவருக்கு இரண்டாவது முதுகலை தேவைப்படாமலே போகலாம். சான்றிதழுக்கு மட்டுமான திட்டங்கள் உண்டு. கிரெடிட் குறைவு, செலவும் குறைவு. ஆனால் வெளிநாட்டுப் பட்டத்தை டி.இ.ஏ. ஏற்கும் நிறுவனம் ஒன்றிடம் மதிப்பீடு செய்து வாங்க வேண்டும். நம் மூன்றாண்டு இளங்கலையும் ஈராண்டு முதுகலையும் சேர்ந்தால் அமெரிக்க முதுகலைக்குச் சமமா என்பதில் எல்லா நிறுவனங்களும் ஒரே முடிவு சொல்வதில்லை. கல்லூரிக்குப் பணம் கட்டுவதற்கு முன் அந்த அறிக்கை கையில் இருக்கட்டும்.

இன்னொரு பொறி, வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் மலிவான ஆன்லைன் எம்.எட். பட்டம் செல்லும், ஆனால் அந்தத் திட்டம் டி.இ.ஏ. பட்டியலில் இல்லையென்றால், டெக்ஸஸ் சான்றிதழுக்கு உங்களைப் பரிந்துரைக்க அவர்களால் முடியாது. சேர்க்கை அலுவலர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். "டெக்ஸஸ் பிரின்சிபல் சான்றிதழுக்கு நீங்கள் பரிந்துரை செய்வீர்களா?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதிகம் இடறுவது பிராக்டிகத்தில். 160 மணி நேரம் என்றால் குறைவாகத்தான் தெரியும். நாள் முழுக்க வகுப்பில் நிற்பவருக்குக் கிடைப்பது கான்ஃபரன்ஸ் பீரியட் எனும் வகுப்பில்லாத பீரியட், பள்ளிக்கு முன்னும் பின்னும் உள்ள நேரம், கோடைப் பள்ளி, அவ்வளவுதான். ஆகவே எந்தப் பருவத்தில் பிராக்டிகம் என்பதை முதலில் தீர்மானித்து, மற்ற பாடங்களை அதைச் சுற்றி அடுக்குவது நல்லது. என் கணக்கில் வசந்த பருவம்தான் சரி: மாணவர்களுக்கான மாநிலத் தேர்வான ஸ்டார் தேர்வின் ஏற்பாடு, அடுத்த ஆண்டின் கால அட்டவணை, ஆள் எடுக்கும் நேர்காணல், பட்ஜெட் எல்லாம் அப்போதுதான் நடக்கின்றன. மதிய உணவுக் கூடத்தில் நின்ற நேரத்தையே திரும்பத் திரும்பப் பதிவேட்டில் எழுதினால், பயிற்சித் திட்டத்தின் சார்பில் உங்களை மேற்பார்க்கும் ஃபீல்டு சூப்பர்வைசர் கேள்வி கேட்பார். சிறப்புக் கல்வி மாணவருக்கான ஏ.ஆர்.டி. கூட்டத்தில் உட்காருவது, உங்கள் பிரின்சிபலோடு வகுப்புகளைப் பார்வையிடுவது, தரவுகளை வைத்து ஆசிரியர் குழுவை நடத்துவது போன்றவையே கணக்கில் நிற்கும். பதிவேட்டில் வாராவாரம் கையெழுத்து வாங்குங்கள். வழிகாட்டும் பிரின்சிபல் நடுவில் வேறு பள்ளிக்கு மாறிப்போவது இங்கே சாதாரணம். அப்போது கையெழுத்தில்லாத மணிகளை மீட்பது பெரும்பாடு.

268 கணினித் தேர்வு: 70 பலதேர்வுக் கேள்விகள், எழுத்தில் விடை கேட்கும் 4 கேள்விகள். தேர்ச்சிக்கு 240 வேண்டும். அதிக எடை கற்பித்தலை வழிநடத்தும் பகுதிக்கு. நல்ல ஆசிரியர்கள்கூடத் தவறுவது, ஆசிரியராகவே விடை தேர்ந்தெடுப்பதால்தான். பிரச்சினையைத் தானே சரிசெய்வதைவிட, தரவைப் பார்த்து, குழுவைக் கூட்டி, பிறகு முடிவெடுப்பவரைத்தான் தேர்வு தேடுகிறது. மொத்தம் 5 வாய்ப்புகளே என்பதால் 'சும்மா எழுதிப் பார்ப்போம்' என்ற எண்ணம் வேண்டாம்.

368 என்பது பாசல். தேர்வு மையத்தில் எழுதுவதில்லை. பள்ளியில் செய்த வேலையை மூன்று பணிகளாக எழுதி, ஆவணங்களோடு சமர்ப்பிக்க வேண்டும். பள்ளியில் ஒரு பிரச்சினையைத் தீர்த்தது முதலாவது, ஆசிரியர்களின் தொழில்முறை வளர்ச்சிக்கு உதவியது இரண்டாவது, கூட்டுப் பணிக்கு ஒரு குழுவை உருவாக்கியது மூன்றாவது. மூன்றாவதற்கு 15 நிமிடத்துக்கு மிகாத வீடியோவும் தேவை. படத்தில் தெரியும் ஒவ்வொருவரிடமும் ஒப்புதல் படிவம் வாங்குங்கள். ஆவணங்களில் மாணவர், பள்ளிப் பெயர்களை மறையுங்கள். மதிப்பெண் போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: என்ன செய்தோம் என்று பக்கம் பக்கமாக எழுதி, ஏன் செய்தோம், என்ன மாறியது, மாறாதது ஏன் என்பதை விட்டுவிடுவது. பிராக்டிகம் தொடங்கும்போதே இந்த மூன்று பணிகளையும் திட்டமிட்டால் அதே மணி நேரங்கள் இதற்கும் பயன்படும். பிறகு தனியாகச் செய்ய நினைத்தால், அதற்குள் குழு கலைந்திருக்கும். தரவும் கைக்கு எட்டாது.

268 மட்டும் தேறியவருக்கு வேலை கிடைத்தால் இன்டர்ன் எனும் தற்காலிகச் சான்றிதழில் பணியைத் தொடங்கலாம். ஸ்டாண்டர்டுக்கு 368-ம் வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள், பதவி மாறும்போது விசா மனுவைத் திருத்த வேண்டுமா என்று வழக்கறிஞரைக் கேட்டுவிட்டே வேலை நியமனக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டும். ஆசிரியர்களை மதிப்பீடு செய்ய ஏ.இ.எல்., டி-டெஸ் பயிற்சிகள் தனி. பல பள்ளி மாவட்டங்கள் வேலை விளம்பரத்திலேயே இவற்றைக் கேட்கின்றன, அதனால் கோடையில் மண்டலக் கல்விச் சேவை மையத்தில் இடம் கிடைத்தால் முதலிலேயே முடித்துவிடுங்கள்.