பழவேற்காட்டு வழியில் ஜீப் போட்ட சத்தம்

பெரம்பூரிலிருந்து காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிட்டோம். நானும் மச்சானும், என் பழைய ஜீப்பும். குளிர்காலத்தில் பழவேற்காடு ஏரிக்கு வரும் பூநாரைகளைப் பார்க்கவேண்டும் என்று மச்சானுக்கு நெடுநாள் ஆசை. செங்குன்றம், காரனோடை, தச்சூர் கூட்டுரோடு வரை வண்டி வாயைத் திறக்கவில்லை. பொன்னேரி தாண்டி, சாலையில் ஒட்டுப்போட்ட இடங்கள் வந்ததும் பின்பக்கத்திலிருந்து டக்கென்று ஒரு சத்தம்.

வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஒரே ஒரு டக். சின்னச் சின்னக் குழிகளில் விடாமல் டக்டக். பிரேக் பிடித்தாலும், ஆக்சிலேட்டரை விட்டு மிதித்தாலும் மாறவில்லை. இன்ஜின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பான கிராஸ் ஜாயின்ட் என்றால் மிதிக்கும்போதும் விடும்போதும் காட்டிக்கொடுக்கும். இது மேடு பள்ளத்துக்கு மட்டுமே பேசியது.

"ஜாக்கி உருளுது மாமா, வேறொண்ணும் இருக்காது" என்றார் மச்சான். சரி, அதையும் பார்த்துவிடுவோம் என்று ஓரங்கட்டி ஜாக்கி, டூல் பை எல்லாவற்றையும் முன்சீட்டுக்கு மாற்றினேன். ஸ்டெப்னியை ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை. கிளம்பி நூறடி போவதற்குள் மறுபடியும் டக்.

பழவேற்காட்டில் டச்சுக் கல்லறைக்குப் பக்கத்தில் சமதரையாக ஓர் இடம் கிடைத்தது. 1613-ல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் எலும்புக்கூடுகளையே கல்லில் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். மச்சான் அதை ரசித்துக்கொண்டிருக்க, நான் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு அடியில் புகுந்தேன்.

"மச்சான், பின்னாடி ஏறி நின்னு குதிங்க." அவர் குதிக்க, நான் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்களில் இடதைக் கையால் பிடித்துப் பார்த்தேன். அமைதி. வலதைப் பிடித்தேன். ஒவ்வொரு குதிப்புக்கும் உள்ளங்கையில் ஓர் அடி விழுந்தது. குதிப்பதை நிறுத்தச் சொல்லி, கையாலேயே பிடித்து ஆட்டினால் கீழ்முனை கடகடவென்று ஆடியது. போல்ட்டைச் சுற்றிச் செங்கல் தூள் மாதிரி துரு; அதற்குள்ளே இரும்பு தேய்ந்து வெள்ளி வளையம் போல் ஒரு மினுமினுப்பு. எங்கே இந்த இரண்டும் சேர்ந்து தெரிகிறதோ, அங்கே ஏதோ ரொம்ப நாளாக உரசிக்கொண்டிருக்கிறது. நட்டை விரலாலேயே திருப்ப முடிந்தது.

ஸ்பேனர் போட்டு முறுக்கினேன். மரை முடிகிற இடத்தில் நட்டு நின்றுவிட்டது. ஆட்டமோ அப்படியே இருந்தது. நட்டு மட்டும் காரணமில்லை. ஷாக்கின் கண்ணுக்குள், அதாவது போல்ட் நுழையும் வளையத்துக்குள், இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்து மெலிந்திருந்தது. இறுக்கிப் பிடிக்க ரப்பரே இல்லாதபோது எவ்வளவு முறுக்கி என்ன பயன்? இதை அப்படியே விட்டால் போல்ட்டை அடித்து அடித்துத் தின்றுவிடும், பிறகு அது பொருந்திய தகட்டின் துளையையும்.

கடைத்தெருவில் ஒரு சைக்கிள் கடை இருந்தது. "அண்ணே, பழைய டியூப் ஒரு துண்டு கிடைக்குமா?" என்றேன். "எடுத்துக்க தம்பி" என்று அவரே கத்தரித்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. புஷ்ஷைச் சுற்றி இரண்டு சுற்று டியூப், மேலே வாஷர், நட்டு. சத்தம் அடங்கியது. அப்புறம்தான் ஏரிக்கரைக்குப் போனோம். தூரத்துத் தண்ணீரில் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரிந்தது. உற்றுப் பார்த்தால் அத்தனையும் பூநாரைகள். மணல் பாதையில் மட்டும் இறங்கவில்லை. டியூப் துண்டு வீடு வரை வந்தால் போதும் என்றிருந்தது.

மறுநாள் சென்னையில் வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புஷ், ஹைடென்சில் என்னும் உறுதியான போல்ட், உள்ளே நைலான் வளையம் இருப்பதால் எளிதில் தளராத நைலாக் நட்டு வாங்கினேன். இரண்டு பக்கத்துக்கும் புஷ். ஒரு பக்கம் தேய்ந்தால் மறுபக்கத்துக்கும் வயது அதேதான். ஷாக்கைக் கழற்றிக் கையால் அமுக்கி இழுத்துப் பார்த்தேன். அமுக்கும்போதும் இழுக்கும்போதும் சீராகத் தடுத்துப் பிடித்தது, ஆயில் கசிவும் இல்லை. நல்ல ஷாக்கை வீணாக மாற்ற மனம் வரவில்லை. பழைய போல்ட்டில் நகத்தை ஓட்டினால் பள்ளத்தில் சிக்கியது. தகட்டைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தேன், இல்லை.

புஷ் ஏற சோப்புத் தண்ணீர்தான் தடவினேன். கிரீஸ் ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும். கடைசி இறுக்கு மட்டும், ஜாக்கியை இறக்கி வண்டியின் எடை நாலு சக்கரத்திலும் உட்கார்ந்த பிறகுதான். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சீக்கிரம் கிழிந்துவிடும். வண்டியோடு வந்த புத்தகத்தில் உள்ள டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு இறுக்கிவிட்டு, நட்டின் மேலிருந்து போல்ட் வரை வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டேன். நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

அடுத்த ஞாயிறு மறுபடியும் பழவேற்காடு. பாலம் தாண்டி, கலங்கரை விளக்கத்துப் பக்கம் மணல் பாதையில் இறங்கினோம். மச்சான் ரேடியோவை அணைத்துவிட்டுத் தலையை வெளியே நீட்டிக் கேட்டுக்கொண்டே வந்தார். மணல் அரைபடும் ஓசை மட்டும்தான். கடற்கரையில் நிறுத்திவிட்டு அடியில் புகுந்து டார்ச் அடித்தேன். நட்டிலும் போல்ட்டிலும் வெள்ளைக் கோடு விலகாமல் ஒரே நேராக இருந்தது.