கறுவாவின் கடைவாய்ப் பற்கள்

2025 ஜூன் 3

எங்கள் முயல் கறுவா புல்லைத் தொடுகிறான் இல்லை. கங்குன் கீரை போட்டால் இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடுகிறான், பெலட் என்ற உருளைத் தீனியை வாயில் எடுத்து ஒரு தரம் அசைத்துவிட்டுக் கீழே போடுகிறான். பசியில்லாத முயல் என்றால் சாப்பாட்டுப் பக்கமே வராது, இவனோ தட்டுச் சத்தம் கேட்டதும் ஓடி வருகிறான். அதனால்தான் வாய்க்குள் ஏதோ நோகிறது என்று நினைக்கிறேன். நாடி நனைந்திருக்கிறது, இடது கண்ணிலும் நீர். சமையல் தராசில் வைத்தேன்: 1.84 கிலோ. போன கிழமை 1.92.

அம்மா உதட்டை விலக்கிப் பார்த்துவிட்டு, "முன் பல் வடிவாத்தானே பிள்ளை இருக்குது" என்றார். முன் பல்லில் குறை இல்லைதான். ஆனால் முயலுக்கு மொத்தம் 28 பற்கள், நமக்குத் தெரிவது முன்னால் உள்ளவை மட்டும். மீதி 22 கடைவாய்ப் பற்களும் கன்னத்துக்குள் ஒளிந்திருக்கின்றன, முயலால் வாயை அகலத் திறக்கவும் முடியாது. எல்லாப் பற்களும் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும்.

நாளைக் காலை வரை பொறுக்கலாம், ஏனென்றால் கீரை கொஞ்சமாவது உள்ளே போகிறது, புழுக்கையும் வருகிறது. இரண்டும் நின்றிருந்தால் இரவென்றாலும் கிளம்பியிருப்பேன். அரை நாள் ஒன்றுமே தின்னாத முயலின் குடல் ஓய்ந்துபோகும், அது உயிருக்கே ஆபத்து.

ஜூன் 4

டொக்டர் காது பார்க்கும் கருவியைக் கடைவாய்ப் பக்கமாக விட்டுப் பார்த்தார். கீழ்த்தாடையில் இடப்பக்கம் ஒரு பல் நாக்கை நோக்கிக் கூராக வளர்ந்திருக்கிறது. கீழ்ப் பல்லின் கூர் நாக்கைக் கிழிக்கும், மேல் பல்லின் கூர் கன்னத்தைக் கிழிக்கும் என்றார். விழித்திருக்கும் முயலில் இவ்வளவுதான் பார்க்கலாம், முழுதாகப் பார்க்கவும் தேய்க்கவும் மயக்க மருந்து வேண்டும், எக்ஸ்ரேயும் வேண்டும். நாளைக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.

நாய், பூனைக்குச் சொல்வதுபோல வெறும் வயிற்றோடு வரச் சொல்வார் என்று அம்மா நினைத்தார். முயலுக்கு அப்படி இல்லை. அதால் வாந்தி எடுக்க முடியாது, பட்டினி போட்டால் குடல்தான் கெடும். கடைசி வரை தின்னக் கொடுங்கள், கண் விழித்ததும் கொடுக்க அவனுக்குப் பிடித்ததையும் கொண்டுவாருங்கள் என்றார். முயலைப் பற்றித் தெரிந்த ஒருவரிடம்தான் வந்திருக்கிறோம் என்ற நிம்மதி எனக்கு அப்போதுதான் வந்தது.

ஜூன் 5

முடிந்தது. சிறிய சுழலும் உராய்கருவியால் கூர்களைத் தேய்த்திருக்கிறார்கள். நாக்கின் ஓரத்தில் புண். எக்ஸ்ரேயில் மேல் பற்களின் வேர்ப்பக்கமும் கொஞ்சம் நீண்டிருப்பது தெரிந்தது. கண்ணீர்க் குழாய் அந்த வேர்களை ஒட்டித்தான் ஓடுகிறது, அது நெருக்குப்பட்டால் நீர் கண்ணால் வழியும். நான் கண் நோய் என்று நினைத்திருக்கக்கூடியது பல்லிலிருந்து வந்தது. நீண்ட வேர் பழையபடி ஆகாது, மேலும் மோசமாகாமல் பார்க்கலாம். தாடையில் சீழ்க்கட்டி இல்லை என்றதும் அம்மா அழுதுவிட்டார். முயலின் சீழ் பற்பசை மாதிரித் தடிப்பானது, கீறிவிட்டால் வழிந்துபோகாது, கட்டியை முழுதாக வெட்டி எடுக்க வேண்டிவரும்.

ஜூன் 6

நோவுக்கு டொக்டர் தந்த மெலொக்சிகாம் மருந்து கொடுத்தாயிற்று. பெலட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து, ஆறியதும் சிரிஞ்சில் எடுத்து, முன் பல்லுக்கும் கடைவாய்க்கும் இடையில் உள்ள இடைவெளியால் பக்கவாட்டில் கொஞ்சங் கொஞ்சமாக விடுகிறோம். நேராகத் தொண்டைக்கு அடித்தால் புரையேறும். தம்பி துவாயில் சுற்றிப் பிடித்துக்கொள்கிறான், நான் ஊட்டுகிறேன், மென்று விழுங்கும்வரை அடுத்தது இல்லை. மத்தியானம் கொத்தமல்லி இலையைத் தானாகவே இழுத்துத் தின்றான்!

ஜூன் 8

பக்கத்து வீட்டு ஆன்ட்டி அக்கறையோடு சொன்ன இரண்டு யோசனைகளை இங்கே எழுதிவைக்கிறேன், பலர் இதைச் செய்கிறார்கள். ஒன்று, பல் நீண்டால் நகம் வெட்டியால் வெட்டிவிடலாம் என்பது. வேண்டவே வேண்டாம். பல் நெடுக வெடிக்கும், உள்ளே உள்ள உயிர்ப்பகுதி திறந்து கிருமி இறங்கும். மற்றது, புண்ணுக்கு வீட்டில் மிஞ்சியிருக்கும் அமொக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைக் கொடுக்கலாம் என்பது. வாயால் கொடுத்தால் அது முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளைக் கொன்றுவிடும், அதனாலேயே முயல் செத்துப்போகலாம். மனிதருக்கு வாங்கிய மாத்திரை எதையும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

ஜூன் 10

பொசன் போயா, பௌர்ணமி நாள். விடுமுறை என்பதால் புல் வேலை பார்த்தேன்.

எல்லாம் கடைசியில் புல்லில்தான் வந்து நிற்கிறது. நீளமான புல்லைத் தின்னும்போது முயலின் தாடை பக்கவாட்டில் அரைக்கிறது, புல்லில் உள்ள சிலிக்கா என்ற கடினமான தாதுவும் பல்லைத் தேய்க்கிறது. பெலட் அப்படியில்லை, நாலு கடியில் நொறுங்கிவிடும், வயிறும் சீக்கிரம் நிறைந்துவிடும். கறுவாவுக்குப் பிறவியிலேயே குட்டை முகம், அந்த வகைக்குப் பல் வரிசை பிசகும் வாய்ப்பு அதிகம், ஆகவே இவனுக்குப் புல் இன்னும் முக்கியம். கரட் துண்டும் பலகைத் துண்டும் கடைவாயைத் தேய்க்கும் என்று நம்ப வேண்டாம்.

திமோத்தி என்ற இறக்குமதி உலர்புல் கிடைத்தால் வாங்குகிறேன், விலை கட்டுப்படியாவதில்லை. மற்றபடி பிலியந்தலைப் பக்கம் மாடு வளர்ப்பவரிடம் கினிப்புல்லும் கோ-3 என்ற தீவனப் புல்லும் வாங்குகிறேன். கொழும்பு வெள்ளவத்தைத் தெருவோரப் புல்லை வெட்ட மாட்டேன், வாகனப் புகையும் நாய்களும். இந்த மழையில் கட்டாக வைத்தால் நடுவில் சூடேறிப் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் மின்விசிறிக்குக் கீழே மெல்லிசாகப் பரப்புகிறோம். புளித்த வாடை வந்தால் அப்படியே குப்பைக்கு.

ஜூன் 17

1.89 கிலோ. நாடி காய்ந்திருக்கிறது. புழுக்கை பழையபடி பெரிதாக, உருண்டையாக.

ஜூன் 24

மறுபரிசோதனை. நாக்கு ஆறிவிட்டது, கண்ணில் இன்னும் கொஞ்சம் நீர். கூர்கள் திரும்ப வளரும், எப்போது தேய்க்க வேண்டும் என்பதை அவன் நிறையும் சாப்பாடும்தான் சொல்லும் என்றார் டொக்டர். ஜூலைக் கடைசியில் மறுபடி காட்ட வேண்டும். அதுவரை இரண்டு நாளைக்கு ஒருதரம் நிறை பார்த்து இங்கே எழுதுகிறேன்.

புல்காரர் சின்னக் கட்டாகத் தர மாட்டார், பெரிய கட்டு எங்களுக்கு மிஞ்சுகிறது. வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் முயல் வைத்திருப்பவர்கள் யாராவது பங்குக்கு எடுப்பதென்றால் சொல்லுங்கள், சனிக்கிழமைகளில்தான் வரும்.